நத்தைக்கு ஒரு கேட்பாஸ்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே ஒரு நத்தையை வாசலில் நிறுத்தி, எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய், யார் கையெழுத்து என்று கேட்ட மனிதர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒரு வருஷம் இருந்தார். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, வருகைப் பதிவேட்டில் பெயரும் கிடையாது. இருந்தாலும் அந்த வருஷம் பள்ளியை நடத்தியது தலைமை ஆசிரியையான நான்தான் என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பென்ஷன் விஷயமாகப் போகும்போது அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அவர் கேட்பாஸ் சார். கைலாசபுரத்துப் பெரிய தொழிற்சாலையில், சாமான்கள் வெளியே போகிற கேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவர். அங்கே ஒரு போல்ட் வெளியே போக வேண்டுமானாலும் கேட்பாஸ் என்கிற சீட்டு வேண்டும். திரும்பி வர வேண்டிய சாமானுக்கு ஒரு சீட்டு, திரும்பாத சாமானுக்கு வேறு சீட்டு. என்ன பொருள், எத்தனை, என்ன நிலையில் இருக்கிறது, எதற்காகப் போகிறது, எந்தத் தேதிக்குள் திரும்பும், கையெழுத்து யார் என்று கட்டங்கள் இருக்கும். கையெழுத்து இல்லாத சீட்டு சீட்டே இல்லை. ஓய்வுபெற்ற பிறகு, பெருமாளுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று மனைவி சொன்னதற்காக ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தார். தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது, அவர் கேட்டை விடவில்லை.

அவர் வந்து சேர்ந்த கதைக்கு முன்னால், நாங்கள் ஏன் நடக்க ஆரம்பித்தோம் என்று சொல்லிவிடுகிறேன். தில்லை நகரில் ஒரு ஏ.சி. ஹாலில் எங்களைப் போன்ற தலைமை ஆசிரியர்களைக் கூட்டி உட்காரவைத்தார்கள். சின்னப் பிள்ளைகளின் மனசு முன்பு மாதிரி இல்லை, வாரம் ஒரு நாள் அவர்களை மரம், செடி, ஆறு பார்க்க அழைத்துப் போங்கள், பார்த்ததையும் மனசில் பட்டதையும் நாட்குறிப்பில் எழுதவையுங்கள் என்றார்கள். பிறகு எங்களைக் கண்ணை மூடச் சொல்லி ஸ்பீக்கரில் மழைச் சத்தம் போட்டார்கள். எனக்கு மாடியில் காயப்போட்டிருந்த வற்றல் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது ஒரு வெஜிடபிள் பஃப்ஸும், மூன்றாம் வகுப்புக்கு இருபத்தெட்டு நோட்டும் கொடுத்தார்கள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஐந்து வட்ட முகங்கள். முதல் முகம் வாய் கொள்ளாமல் சிரிக்கும், ஐந்தாவது முகம் அழும். இன்று நீ எந்த முகமோ அதற்கு டிக் போட வேண்டும்.

இதையெல்லாம் நான் வாங்கி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் மதுமிதா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா குவைத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போயிருந்தார். திருச்சி ஏர்போர்ட் வாசலில், பிள்ளை அழுவாளே என்று, "கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த ஐந்து நிமிஷம் நான்கு மாதமாகியிருந்தது. அதிலிருந்து மதுமிதா எந்த வாசலையும் நம்புவதில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் துணிக்கடையில் வேலை பார்த்த அவள் அம்மாவுக்கு, காலையில் அவளை எங்கள் கேட்டில் விடுவதற்குள் பாதி உயிர் போய்விடும். உள்ளே வந்துவிட்டால் சாயங்காலம் அம்மா வந்து கையைப் பிடிக்கும்வரை கேட் பக்கம் திரும்ப மாட்டாள். மத்தியானச் சாப்பாட்டில் பாதி தட்டிலேயே இருக்கும்.

"அழுவாளேன்னுதான் டீச்சர் அப்படி சொன்னாரு. இப்ப போன்ல கூப்பிட்டா பேச மாட்டேங்குறா" என்றாள் அந்த அம்மா.

முதல் வெள்ளிக்கிழமை இருபத்தேழு பிள்ளைகளை மூன்றாம் வகுப்பு வசந்தி டீச்சர் ஆற்றுக்கு அழைத்துப் போனாள். மதுமிதா வர மாட்டேன் என்று என் அறையில் உட்கார்ந்துகொண்டாள். நான் போகவில்லை, எனக்கு முழங்கால் வலி. வலி உண்மைதான், அது ஏன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கூடுகிறது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்ததும் நோட்டுகளைப் பார்த்தேன். இருபத்தேழு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். காவிரி மிகவும் அழகானது, அது கரைபுரண்டு ஓடுகிறது, அதை நாம் பாதுகாக்க வேண்டும். ஆடி பிறக்காத சமயம், காவிரியில் மணலைத் தவிர எதுவும் கிடையாது. இருபத்தேழு பேரும் சிரிக்கிற முகத்துக்கே டிக் போட்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்கு அன்று காலையில்தான் பல் பிடுங்கி, கன்னம் வீங்கியிருந்தது.

"ஏண்டா, உனக்கு இன்னைக்கு சந்தோஷமாவா இருக்கு?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். சிரிக்கிற மூஞ்சிக்கு டிக் போட்டாத்தான் ஃபுல் மார்க்காம். டியூஷன் அக்கா சொன்னாங்க."

டியூஷன் அக்கா ஐந்து முகங்களுக்கும் விடைக்குறிப்பு தயாரித்திருந்தாள். காவிரிக் கட்டுரையும் அவளுடையதுதான். இடத்தை விட்டு அசையாத மதுமிதாவின் நோட்டையும் புரட்டினேன். அவளும் சிரிக்கிற முகத்துக்குத்தான் டிக் போட்டிருந்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை நத்தை வந்தது.

சர்வேஷ் என்ற பையன், நடையின்போது ஒரு அபார்ட்மென்ட் தோட்டத்திலிருந்து ஒரு நத்தையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது கேட்பாஸ் சாரின் அபார்ட்மென்ட். அங்கே வாட்ச்மேன் இருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்தான். பிள்ளைகளின் பின்னாலேயே பள்ளிவரை வந்துவிட்டார். முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் குடை. மழை இல்லை, வெயிலும் இல்லை.

"மேடம், உங்க ஸ்கூல் பையன் எங்க கேட்ல இருந்து ஒரு நத்தையை வெளிய கொண்டுவந்துட்டான்."

"நத்தைதானே சார், விடுங்க."

"இன்னைக்கு நத்தைன்னு விட்டா நாளைக்கு தண்ணி மோட்டார் போகும் மேடம்."

சர்வேஷ், "பாத்துட்டு குடுத்துடுறேன் சார்" என்றான்.

"எப்ப குடுப்ப?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

"அப்ப எழுதிக் குடு."

பையன் நோட்டை எடுத்தான். சார் கட்டம் போடச் சொல்லிக் கொடுத்தார். பொருள், நத்தை. எண்ணிக்கை, ஒன்று. நிலை, நன்று. சார் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நன்றுன்னா என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை நீ வேற நத்தையைக் கொண்டுவந்து குடுத்தா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த நத்தைக்கு என்ன அடையாளம்? அதைப் பாத்து எழுது."

நான்கு தடவை திருப்பினார். ஐந்தாவது தடவை சர்வேஷ் தரையில் குப்புறப் படுத்து நத்தையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு எழுதினான். ஓட்டின் இடது பக்கம் ஒரு கீறல். கொம்பு நான்கு, பெரியது இரண்டு, சின்னது இரண்டு. பெரிய கொம்பு நுனியில் கண் மாதிரி இருக்கிறது, தொட்டால் உள்ளே போகும். ஒரு கொம்பு மெதுவாகத்தான் வெளியே வருகிறது. பரீட்சையில் மூன்று வரிக்கு மேல் எழுதியறியாத பயல் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டான். சார் படித்துவிட்டு, நத்தையை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல சும்மாதானே சார் இருக்கீங்க?"

"எனக்கு சும்மா இருந்து பழக்கம் இல்ல மேடம்" என்றார். இப்படித்தான் இயற்கை நடைக்கு எங்களுக்கு ஆள் கிடைத்தார்.

இயற்கையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. காக்கை தெரியும், கிளி தெரியும், மற்றதெல்லாம் அவருக்குப் பறவை. பிள்ளைகள் பெயர் கேட்டால், "பேரை அப்புறம் பாத்துக்கலாம், என்னென்ன இருக்குன்னு எழுது" என்பார். அதனால் பிள்ளைகள் எழுதினார்கள். கறுப்பு, வால் கடைசியில் இரண்டாகப் பிரிகிறது, மாட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, மாடு ஒன்றும் சொல்லவில்லை. அது கரிச்சான் என்று வசந்தி டீச்சர் பிறகு புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். காவிரிக்கும் புதிதாக எழுதப்பட்டது. பொருள், காவிரி. எண்ணிக்கை, ஒன்று. நிலை, தண்ணீர் இல்லை, நடுவில் ஒற்றைச் செருப்பு. சார் கையெழுத்துப் போட்டார். டியூஷன் அக்காவுக்கு அந்தப் பாடத்தில் வருமானம் நின்றது.

சாமான்களுக்கு இருந்த விதி பிள்ளைகளுக்கும் இருந்தது. வெளியே போகும்போது ஒரு சீட்டு. மூன்றாம் வகுப்பு, உருப்படி இருபத்தேழு, திரும்பும் நேரம் மூன்று ஐம்பது. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் 'வெளியே' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழும். திரும்பி வந்தால் 'உள்ளே' என்று இன்னொன்று. ஒரு வாரம் கழித்து, நிலை என்ற கட்டத்தை உருப்படிகள் தாங்களே நிரப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். பல் பிடுங்கிய பயல் எழுதினான். வெளியே போகும்போது, அண்ணன் அடித்தான், கோபம், வயிறு ஒரு மாதிரி. திரும்பும்போது, முட்டியில் மண், கோபம் பாதி, வயிறு சரி. ஐந்து முகங்களையும் அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

நோட்டு கொடுத்த அமைப்பிலிருந்து ஒரு பெண் பார்வையிட வந்தாள். டிக் இல்லாத பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல பிள்ளைங்களோட ஃபீலிங்ஸ் எங்க இருக்கு?"

"மூணாவது கட்டம் மேடம். நிலைன்னு போட்டிருக்கு பாருங்க."

அவள் அந்தக் கட்டத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நான்கு மணி பஸ்ஸில் போக வேண்டியவள் ஐந்தரைக்குத்தான் எழுந்தாள்.

மதுமிதா மட்டும் என் அறை ஜன்னலோரமே கதி என்று இருந்தாள். அங்கிருந்து கேட் தெரியும். கேட்பாஸ் சார் இருபத்தேழு பேரை எண்ணி வெளியே விடுவதையும், எண்ணி உள்ளே விடுவதையும் வாரா வாரம் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிக்கை இருபத்தாறில் நின்றது. சர்வேஷ் வழியில் குழாயடியில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தான். கடைசி மணி அடிக்கும் நேரம். சார் கேட் நடுவில் நின்றுகொண்டு மணியடிக்கக் கூடாது என்றார். வேன்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தாய்மார்கள் சத்தம் போட்டார்கள். நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு உருப்படி பாக்கி இருக்கு மேடம்" என்றார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். வசந்தி டீச்சர் ஓடிப்போய் சர்வேஷை இழுத்து வந்து, அவன் நோட்டில் ஸ்டாம்ப் விழுந்த பிறகுதான் மணி அடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதுமிதா என் அறையை விட்டு எழுந்து போய் அவர் எதிரே நின்றாள்.

"சார், இருபத்தேழுன்னு எழுதினா இருபத்தேழும் திரும்பி வந்தே ஆகணுமா?"

"ஆகணும்."

"ஒண்ணு வரலன்னா?"

"கேட்டை மூட மாட்டேன். வீட்டுக்கும் போக மாட்டேன்."

"நிஜமாவா?"

"கைலாசபுரத்துல ஒரு ஸ்பானருக்காக ரெண்டு ஷிஃப்ட் நின்னிருக்கேன்மா."

"அப்ப இருபத்தெட்டுன்னு எழுதுங்க" என்றாள்.

அன்று அவள் ஆற்றங்கரைவரை போனாள். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. நான் மூன்று நாற்பதுக்கே கேட்டுக்கு வந்து நின்றுகொண்டேன், முழங்கால் அன்று ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஐம்பதுக்கு இருபத்தெட்டு உருப்படிகளும் உள்ளே வந்தன. மதுமிதா 'உள்ளே' ஸ்டாம்பை வாங்கிக்கொண்டு அதன்மேல் ஊதி ஊதிக் காயவைத்தாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புழு சாரைத் திணறடித்துவிட்டது. சர்வேஷ்தான். எருக்கஞ்செடியிலிருந்து ஒரு புழுவை, மஞ்சள் கறுப்புக் கோடுகளை எண்ணி எழுதி, முறைப்படி சீட்டு வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். திருப்பித் தர வேண்டிய நாளில் பெட்டியைத் திறந்தால் பட்டாம்பூச்சி. சார் சீட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"போனது புழு. வந்திருக்கிறது வேற பொருள். இதை நான் எப்படி வரவு வைக்கிறது?"

அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். கைலாசபுரத்தில் தன்னோடு வேலை பார்த்த ஒருவரைப் போனில் பிடித்து ஆலோசனை கேட்டிருக்கிறார். மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு வந்து நின்றார், முகத்தில் தெளிவு.

"வழி இருக்கு மேடம். இரும்பை வெளிய அனுப்பி, கடைசல் பிடிச்சு, வேற உருவமா திரும்ப வாங்குறது உண்டு. ஜாப் ஒர்க். அதே பொருள்தான், வேலை நடந்திருக்கு, அவ்வளவுதான்." சர்வேஷின் நோட்டில் 'ஜாப் ஒர்க் முடிந்து திரும்பியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டாம்பூச்சி அதற்குள் ஜன்னல் வழியாகச் சீட்டில்லாமல் போயிருந்தது, அதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

மதுமிதா தன் சீட்டைக் கொண்டுவந்தது ஐப்பசியில், மழையால் நடை ரத்தான ஒரு வெள்ளிக்கிழமை. என் அறையில் சார் உட்கார்ந்திருந்தார். அவள் நோட்டை நீட்டினாள்.

பொருள், அப்பா. எண்ணிக்கை, ஒன்று. நிலை, நீலச் சட்டை, கறுப்புப் பை, சிரித்துக்கொண்டே போனார். எதற்காக என்ற கட்டத்தில் கடைக்கு என்று எழுதி, அதை அடித்துவிட்டு, வெல்டிங் என்று எழுதியிருந்தாள். திரும்பும் நாள் என்ற கட்டம் காலி.

பிள்ளையின் திருப்திக்காக ஒரு கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"தேதி இல்லாம நான் கையெழுத்து போட முடியாதும்மா."

"எனக்குத் தெரியாதே சார்."

"உனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம்."

அவள் வெளியே போனதும் நான் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் நம்பர் வாங்கி அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் என் அறையிலிருந்தே குவைத்துக்குக் கூப்பிட்டார். அங்கே வெள்ளி விடுமுறை. மதுமிதா பக்கத்தில் நின்றாள், ஸ்பீக்கர் போட்டிருந்தார்.

"வணக்கம். ஸ்ரீரங்கத்துல மதுமிதா படிக்கிற ஸ்கூலோட கேட்ல இருந்து பேசுறேன். உங்க பேர்ல ஒரு சீட்டு வந்திருக்கு. திரும்பும் நாள் காலியா இருக்கு."

"என்ன சார் சொல்றீங்க? புரியல."

"நீங்க எப்ப திரும்பி வருவீங்க?"

"அது எப்படி சார் சொல்றது? கம்பெனில லீவு குடுக்கணும். சீக்கிரம் வந்துடுவேன்."

"சீக்கிரம்னு எழுத இடம் இல்லைங்க. தேதிதான் எழுதணும்."

"பாப்பா எழுதினதா சார்? என்ன எழுதியிருக்கா?"

சார் படித்தார். நீலச் சட்டை, கறுப்புப் பை, சிரித்துக்கொண்டே போனார். எதற்காக என்ற கட்டத்தில் அடித்திருந்த வார்த்தையையும் விடாமல் படித்தார். அவருக்கு எதையும் விட்டுப் படிக்கத் தெரியாது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஏகாதசிக்கு வந்துடுவேன்னு போடுங்க சார். சொர்க்கவாசல் திறக்கிற அன்னைக்கு."

சார் காலண்டரைப் பார்த்துத் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதுமிதா அன்று மத்தியானம் இன்னொரு கரண்டி சாம்பார் சாதம் கேட்டு வாங்கினாள் என்று சத்துணவு ஆயா வந்து சொன்னாள்.

ஏகாதசி வந்தது. சொர்க்கவாசல் திறந்தது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள், அவர் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மதுமிதா அழவில்லை. நோட்டைக் கொண்டுவந்து சாரின் மடியில் வைத்தாள்.

"சார், நாள் தாண்டிடுச்சு."

இந்தச் சீட்டை வாங்கியதே தப்போ என்று நான் பயந்துபோனேன். அவள் பழையபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டால் இனி எந்த ஸ்டாம்பும் அவளை எழுப்பாது. சாருக்கு அந்தப் பயம் இல்லை. நாள் தாண்டிய சீட்டுகளுக்கென்று கைலாசபுரத்தில் வழிமுறை இருந்தது. முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல் என்று வெள்ளிதோறும் குவைத்துக்குப் போன் போயிற்று. மூன்றாவது போனில் அவளுடைய அப்பா கெஞ்சினார்.

"என் இடத்துக்கு ஆள் வரல சார். வந்தாத்தான் விடுவேங்குறாங்க. மாசி கடைசிவரைக்கும் டைம் குடுங்க."

"நீட்டிப்பு குடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லைங்க. சீட்டு எழுதினவங்ககிட்ட கேளுங்க" என்று போனை மதுமிதாவிடம் கொடுத்துவிட்டார்.

ஏர்போர்ட் வாசலுக்குப் பிறகு அப்பாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மாசி கடைசின்னா நிஜமாவா? இல்ல, கடைக்குப் போற மாதிரியா?"

"கடைக்குன்னு சொன்னது பொய்தான் பாப்பா. நீ அழுவியேன்னு சொன்னேன். தப்புதான். இது நிஜம்."

"சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுதுட்டு சரியாயிருப்பேன்" என்றாள் அவள். பிறகு நோட்டில் நீட்டிப்பு என்று எழுதிக் கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். சார் எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார்.

மாசியின் கடைசிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மூன்று ஐம்பதுக்குப் பிள்ளைகள் நடை முடிந்து வந்தபோது கேட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் கறுப்புப் பை. மதுமிதா பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். அவர் ஓடி வரப் பார்த்தார். கேட்பாஸ் சார் குடையை நடுவில் நீட்டினார்.

"ஒரு நிமிஷம். சரிபாக்கணும்."

அந்த நிமிஷத்தில் சாரை நான் அடித்திருப்பேன். மதுமிதா நோட்டைப் பிரித்து, அப்பாவை மேலிருந்து கீழ்வரை பார்த்துப் படித்தாள். "கறுப்புப் பை இருக்கு. நீலச் சட்டை இல்ல சார், வெள்ளை. சிரிச்சுக்கிட்டே போனதுன்னு எழுதியிருக்கேன், இது அழுவுது."

"சர்வேஷோட புழு ஞாபகம் இருக்கா?" என்றார் சார். "அதே பொருள்தான். வேலை நடந்திருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். திரும்பி வந்தது. கொஞ்சம் கறுத்திருக்கிறது. மற்றபடி சரி. சார் 'உள்ளே' என்று ஸ்டாம்ப் வைத்துக் குடையை எடுத்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. என் அறைக்குப் போய்விட்டேன், அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அந்த வருஷம் பரீட்சைக்கு முன்னால் கேட்பாஸ் சார் ஒரு செய்தி சொன்னார். ஹைதராபாத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்கள். மனைவிக்கு மாடி ஏற முடியவில்லை, ஃப்ளாட்டைக் கொடுத்துவிட்டார்கள். கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளைகளை எண்ணி உள்ளே விட்டுவிட்டு, ஸ்டாம்புகளை வசந்தி டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்தார். கேட் நடுவில் மதுமிதா நின்றிருந்தாள். அவள் பின்னால் மீதி இருபத்தேழு பேரும்.

"சார், கேட்பாஸ்?"

அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு தடுமாற்றத்தைப் பார்த்தேன். ஆனால் விதி விதிதான். அவளுடைய நோட்டை வாங்கி, கேட்டில் சாய்ந்தபடி எழுதினார். பொருள் என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அப்போதுதான் அவர் பெயரே பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நிலை, ரத்த அழுத்தம், இடது காது மந்தம், வருத்தம். எதற்காக, மகள் வீடு. திரும்பும் நாள் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஏதாவது ஒரு தேதியைப் போட்டிருக்கலாம். எந்தப் பெரியவரும் அதைத்தான் செய்திருப்பார். அவர் மதுமிதாவைப் பார்த்தார். பிறகு, திரும்பாதது என்று எழுதினார்.

அவள் அழுதாள். அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து என்னிடம் நீட்டினாள். பள்ளியிலிருந்து போகும் உருப்படிக்குத் தலைமை ஆசிரியைதான் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் அவர் வைத்த விதி. முப்பது வருஷத்தில் எத்தனையோ காகிதங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இதை இரண்டு தடவை படித்தேன். பேனாவில் மை இல்லை என்றேன். இருந்தது. அவர் சட்டைப் பையிலும் மூன்று பேனா இருந்தது, ஒன்றைக்கூட அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. "திங்கக்கிழமை போட்டுடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

இப்போது ஹைதராபாத்தில் ஏதோ ஓர் அபார்ட்மென்ட் வாசலில் யாரையாவது நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை நடக்கிறார்கள், கட்டம் போட்டு எழுதுகிறார்கள். அவருடைய சீட்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. எத்தனையோ திங்கட்கிழமைகள் போய்விட்டன, நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் போட்ட விதிப்படி, அவர் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகவே இல்லை.